எங்கள் கழகத்தில் யார் யாருக்காக அடிப்பது

பேஸ்போல் எனக்குப் பிடிக்காத விளையாட்டு. காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். நான் கிரிக்கெட் ஆள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பந்து போட்டவன். மட்டை பிடிக்கத் தெரியாது. பதினோராவது ஆளாக உள்ளே போவேன், போன கையோடு திரும்பி வருவேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் போனேன், ஏனென்றால் கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனும் மட்டை பிடித்தே ஆகவேண்டும்.

அப்படிப்பட்ட நான் ஒஸ்லோவில் ஒரு பேஸ்போல் கழகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறேன் என்றால் அது இந்த நாட்டின் குற்றம். இங்கே பிள்ளை விளையாடினால் பெற்றோர் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். டுக்னாட் என்பார்கள். எங்கள் ஊர்ச் சிரமதானம் மாதிரித்தான், ஆனால் இதிலிருந்து ஒளிய முடியாது. மகள் யதுர்ஷா சேர்ந்த முதல் வருடம் பெற்றோர் கூட்டத்தில், கழகத் தலைவி கரோலினா ஏதோ சொல்லச் சொல்ல நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்தபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யதுர்ஷா சொன்னாள், அந்தக் கைதட்டல் எனக்காம், நான் பொருட்களுக்குப் பொறுப்பான நிர்வாக உறுப்பினராம்.

பொறுப்பை ஏற்றால் ஒழுங்காகச் செய்வேன், அது என் குணம். கழகத்துக்குக் காசு சேர்க்க டொய்லட் பேப்பர் விற்கச் சொன்னார்கள். இங்கே எல்லாக் கழகமும் அதைத்தான் விற்கும். நோர்வேக்காரர்கள் அக்கம்பக்கத்தில் பத்துப் பொதி விற்க, நான் கோயிலடியில் நின்று ஒரு பாரவண்டியே விற்றேன். வாங்கியவர்களில் அருட்செல்வம், இரவீந்திரன் என்று ஏழெட்டுப் பேரைக் கழகத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினராகவும் சேர்த்துவிட்டேன். அவர்களில் ஒருவரும் ஒரு போட்டிகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யதுர்ஷா எங்கள் அணியின் பந்தெறிபவள். பேஸ்போலில் அந்த ஆள்தான் மேடுபோல இருக்கும் இடத்தில் தனியாக நின்று, ஒவ்வொரு பந்தையும் எறிய வேண்டியவர். தோளும் கையும் அவருக்கு உயிர். அதனால் இந்த விளையாட்டில் ஒரு சலுகை உண்டு. அணி விரும்பினால், பந்தெறிபவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம். அந்த இன்னொருவர் களத்தில் நிற்கத் தேவையில்லை. முறை வரும்போது வந்து அடித்துவிட்டுத் திரும்பக் களத்தோர வாங்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். முதல்முறை இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கலியாண வீட்டுக்கு ஒருவர் போக, அவருக்காக வேறொருவர் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் எங்கள் அணியில் அந்த இன்னொருவர் ராகவி. என் தங்கச்சி விமலாதேவியின் மகள்.

ராகவி முன்பு ஹாண்ட்போல் விளையாடியவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் குதித்து இறங்கும்போது முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் அறுந்துபோனது. சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ஹொல்ம்லியாவில் இருக்கிற தங்கள் வீட்டின் அறையை விட்டு வெளியே வரவில்லை. தங்கச்சி தொலைபேசியில் அழுவாள். யதுர்ஷாதான் ஒருநாள் மச்சாளை இழுத்துக்கொண்டு வந்து மட்டையைக் கையில் கொடுத்தாள். ராகவி அடித்த முதல் பந்து வேலியைத் தாண்டிப் போய், வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒருவருடைய கார்க் கூரையில் விழுந்தது. பயிற்சியாளர் ஜோனாஸ் அன்றைக்கே அவளை அணியில் சேர்த்துவிட்டார். அவள் அடிக்கிற அடிக்கு மற்றவர்கள் ஓடிப்போய்த் தொடுகிற முதலாம் பேஸுக்கு மெல்ல நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாசி மாத நிர்வாகக் கூட்டத்தில் ஜோனாஸ் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இனிமேல் எங்கள் கழகத்தில் பந்தெறிபவரும் தானே அடிக்க வேண்டும், பதிலாள் கிடையாது. ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.

எனக்குச் சுருக்கென்றது. பதிலாள் இல்லையென்றால் ராகவிக்கு அணியில் இடம் இல்லை. களத்தில் நிற்க முடியாத பிள்ளையை எங்கே வைப்பது? அவள் திரும்பவும் அந்த அறைக்குள் போய்விடுவாள். இதை ஜோனாஸிடம் எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது ஒரு விளையாட்டு, சிறி. எல்லாரும் எல்லாம் செய்வதுதான் விளையாட்டு. பாதி ஆளாக யாரையும் வைத்திருக்கக் கூடாது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். நானே பதினோராவது ஆளாகப் போனவன்தானே. போய் அவமானப்பட்டாலும் போனேன் அல்லவா? என் பெயரும் ஓட்ட எண்ணிக்கைப் பலகையில் இருந்தது அல்லவா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜோனாஸ் சொன்னது சரியென்றே பட்டது. எங்கள் வெஸ்ட்லி நிலையத்தில் இறங்கிக் குளிருக்குள் நடக்கும்போது ராகவியின் முகம் ஞாபகம் வர, பிழையென்று பட்டது.

வீட்டில் மனைவி தேவிகா காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தச் செய்தி என்னைவிட முன்னரே வந்துவிட்டது.

"நீங்கள் அந்தப் பிரேரணைக்கு ஓம் எண்டுதான் கை தூக்க வேணும்," என்றாள்.

"ஏனப்பா?"

"ஏனோ? எங்கடை பிள்ளை வெயிலுக்கை நிண்டு கை முறிய எறியிறாள். அடிக்கிற நேரம் வந்தா வாங்கிலை குந்த வைக்கிறாங்கள். படத்திலை, பேப்பரிலை எல்லாம் அடிச்ச பிள்ளையின்ரை பேர்தான் வருது."

"அது என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையப்பா."

"அதைத்தான் நானும் சொல்லுறன். உங்களுக்கு உங்கடை தங்கச்சியின்ரை பிள்ளை. சொந்தப் பிள்ளை பிறகுதான்."

நான் யதுர்ஷாவைப் பார்த்தேன். அவள் மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துப் பல்கலைக்கழக வேலை ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"உனக்கு அடிக்க விருப்பமோ பிள்ளை?"

"ஓம் அப்பா. நான் கேவலமாத்தான் அடிப்பன். ஆனா அடிக்க விருப்பம்."

"அப்ப ராகவி?"

அவள் தலையை நிமிர்த்தினாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்து, பிறகு மூடினாள். "அவளைக் கேளுங்கோவன்," என்றாள்.

"அவளை என்னண்டு கேக்கிறது? உன்னைத் தூக்கப் போறாங்கள், உனக்கு ஓமோ எண்டு கேக்கிறதோ? அழுதிடுவாள்."

"அவளைக் கேளுங்கோ அப்பா," என்று மறுபடியும் சொல்லிவிட்டுக் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். சொந்த மச்சாளின் இடத்தைப் பறிக்க நிற்கிற பிள்ளைக்கு வேறு என்ன கதை வரும் என்று நினைத்தேன். கோபமும் வந்தது. கோபம் வந்த பிறகு, தனக்கு அடிக்க விருப்பமென்று உண்மையைச் சொன்ன பிள்ளையைக் கோபிப்பதா என்று என் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த நாள் வேலையிடத்தில் எலியாஸிடம் கேட்டேன். எலியாஸும் நானும் ஒரே குடியிருப்பில் பராமரிப்பு வேலை செய்கிறோம். அவனுக்கு விளையாட்டில் அக்கறையில்லை, அதனால் நடுநிலையான தீர்ப்புக் கிடைக்கும் என்று நம்பினேன். நடைபாதைப் பனியில் தூவுகிற உப்பும் சரளைக்கல்லும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டே அவன் முழுவதையும் கேட்டான்.

"மூன்றாம் மாடியில் அந்த வயதான அம்மா இருக்கிறாரே," என்றான். "குடியிருப்பு டுக்னாட்டில் எல்லாரும் இலை கூட்டுகிறோம். அவரால் குனிய முடியாது. அவர் கேக் செய்து கொண்டுவருகிறார். யாராவது அவரிடம் தும்புத்தடியைக் கொடுத்தோமா?"

இல்லை. கொடுக்கவில்லை. கேக்கைச் சாப்பிட்டோம். முடிந்தவர் முடிந்ததைச் செய்வது நல்ல விஷயம்தான். அப்படியென்றால் ராகவி அடிக்கட்டும், யதுர்ஷா எறியட்டும். எவ்வளவு தெளிவு என்று மதியம் வரை சந்தோஷமாக இருந்தேன். மதியத்துக்குப் பிறகு இன்னொன்று தோன்றியது. அந்த அம்மா தன்னால் முடியாது என்று தானே சொன்னவர். ராகவி எதையும் என்னிடம் சொன்னதில்லை. இந்த எண்ணம் வந்ததும் தலை இடிக்கத் தொடங்கியது, அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விமலாதேவி வந்தாள். ஹொல்ம்லியாவிலிருந்து வெஸ்ட்லிக்கு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரவேண்டும். ரயிலும் பிறகு மெட்ரோவும் பிடித்து, மடியில் ஒரு சட்டியைப் பிடித்தபடி வந்தாள். கணவாய்க் கறி. தங்கச்சியின் கணவாய்க் கறியைச் சாப்பிட்ட பிறகு நான் எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை என்பது அவளுக்கும் தெரியும், தேவிகாவுக்கும் தெரியும். தேவிகா சட்டியைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தங்கச்சி பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து இருந்ததும் தொடங்கினாள்.

"அண்ணை, அந்த விளையாட்டு ஒண்டிலைதான் அவள் சிரிக்கிறாள். அதையும் எடுத்துப்போட்டா நான் அவளை வைச்சு என்ன செய்ய?"

"கால் இப்ப எப்பிடி?"

"கால் கால்தான். டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவினம். நான் விடமாட்டன். இன்னொருக்கா விழுந்தா?" கண் கலங்கியது அவளுக்கு. "அடிக்கட்டும், இருக்கட்டும். அது காணும். அண்ணை, நீங்கள்தானே நிர்வாகம். நீங்கள்தான் பாக்க வேணும்."

நான் பார்க்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் மூத்தவன் நான். தகப்பன் போன பிறகு இவளுடைய படிப்பு, பயணம், கலியாணம் எல்லாம் நான்தான் பார்த்தது. தங்கச்சியின் புருஷனுக்குத் திராமன் நகரத்தில் வேலை, இரவில்தான் வருவார், அவர் வாய் திறக்காத மனிதர். இதையும் நான்தான் பார்க்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்பது மட்டும் தெரியவில்லை. உள் அறையில் தேவிகா எதையோ வேண்டுமென்றே பலமாக வைக்கிற சத்தம் கேட்டது.

எது சரியென்று தெரியாவிட்டாலும் ஒரு வேலை எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் நிர்வாகசபைத் தேர்தல்களில் பழகிய வேலை. எங்கள் ஆட்களின் கூட்டங்களில் முடிவு கூட்டத்துக்கு முன்பே தொலைபேசியில் எடுக்கப்பட்டுவிடும். கூட்டம் தேத்தண்ணி குடிப்பதற்கு மட்டும்தான். அருட்செல்வத்துக்கு எடுத்தேன். இரவீந்திரனுக்கு எடுத்தேன். டொய்லட் பேப்பர் வாங்கிய புண்ணியவான்கள் எல்லாருக்கும் எடுத்தேன்.

"அண்ணை, என்னெண்டு வாக்குப் போட வேணும்?" என்று கேட்டார் அருட்செல்வம்.

"அதை இன்னும் முடிவெடுக்கேல்லை."

"அப்ப?"

"நான் கை தூக்கினா நீங்களும் தூக்குங்கோ. தூக்காட்டி பேசாமல் இருங்கோ."

"ஓம், அது பிரச்சினையில்லை," என்றார். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

ஆண்டுக் கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பக்கத்து அறையில். வாசலில் சப்பாத்துக்களிலிருந்து கரைந்த பனி குட்டையாக நின்றது. வாஃபிள் சுடுகிற மணம். எங்கள் ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பின் வரிசையில் நிரையாக இருந்தார்கள். கரோலினா அவர்களைப் பார்த்து, இவ்வளவு பேர் வந்தது மகிழ்ச்சி என்று இரண்டு தரம் சொன்னாள். இரண்டாவது தரம் அவ்வளவு மகிழ்ச்சியாகத் தெரியவில்லை.

நான் கோப்பிக் குவளையோடு திரும்பியபோது ராகவி முன்னால் நின்றாள்.

"மாமா, உங்களோடை ஒண்டு கதைக்க வேணும்."

"தெரியும் பிள்ளை."

"இல்லை மாமா, நான் என்ன சொல்ல வாறன் எண்டா..."

"எல்லாம் எனக்குத் தெரியும். அம்மா எல்லாம் சொன்னவள். நீ ஒண்டும் யோசியாதை. மாமா இருக்கிறன்தானே." அவளுடைய தலையைத் தடவிவிட்டேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். அதற்குள் கரோலினா மேசையில் தட்டினாள். எல்லாரும் இருந்தோம்.

ஜோனாஸ் எழுந்து பேசினார். நன்றாகப் பேசினார். யதுர்ஷா எழுந்து, தனக்கு மோசமாக அடிப்பதற்கு உரிமை வேண்டும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் பிள்ளை இப்படி எழும்பி நின்று பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பிரேரணைக்கு ஆதரவாகத் தூக்குவதென்றே முடிவெடுத்தேன். பிறகு ஒரு தகப்பன், அணியில் பல விதமான பிள்ளைகளுக்கு இடம் இருக்க வேண்டும் என்றார். எலியாஸின் கேக் ஞாபகம் வந்தது. எதிராகத் தூக்குவதென்று மாற்றிக்கொண்டேன். பின்னால் தங்கச்சி என் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பது திரும்பாமலே தெரிந்தது. பக்கத்தில் தேவிகா கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் தலைக்குள் ஒரு சந்தைக் கூச்சல்.

சரி, முதலில் ஆதரவானவர்களைக் கேட்பார்கள், மற்றவர்களின் கைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருந்தேன். ஆனால் இந்த நாட்டில் எதிரானவர்களைத்தான் முதலில் கேட்பார்களாம். இத்தனை வருடம் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

"எதிர்ப்பவர்கள் கை உயர்த்துங்கள்," என்றாள் கரோலினா.

ராகவியைத் தேடினேன். அவள் சுவரோரம் இருந்தாள். என்னையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெஞ்சு இளகிப்போனது. கையைத் தூக்கினேன். பின் வரிசையில் கோட்டுக் கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பிய சரசரப்புக் கேட்டது. நோர்வேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவிகா என்னைப் பார்க்கவேயில்லை.

"நன்றி. ஆதரிப்பவர்கள்?"

ஜோனாஸின் கை. யதுர்ஷாவின் கை. அணியில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளின் கையும். தேவிகாவின் கை. பிறகு சுவரோரம் இன்னொரு கை எழும்பியது. ராகவியின் கை. முழங்கையை மடிக்காமல் நேராகத் தூக்கியிருந்தாள்.

பிள்ளைக்கு விளங்கவில்லை, மாறித் தூக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இறக்கு என்று கையால் சைகைகூடக் காட்டினேன். அவள் இறக்கவில்லை. கரோலினா எண்ணி முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

பிரேரணை தோற்றது. எங்கள் பின் வரிசை இல்லையென்றால் வென்றிருக்கும். அருட்செல்வம் வந்து என் தோளில் தட்டி, "வெண்டிட்டம் அண்ணை" என்றார். எதை வென்றோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நிமிடத்தில் தெரியவில்லை. யதுர்ஷா என்னைக் கடந்து வெளியே போனாள்.

கோட்டுகள் தொங்கவிடுகிற இடத்தில் ராகவியைப் பிடித்தேன். அவள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும்.

"ஏன் பிள்ளை கையைத் தூக்கினனி? உன்ரை இடம் போயிருக்குமே."

"அந்தப் பிரேரணையைக் கொண்டு வரச் சொல்லி ஜோனாஸைக் கேட்டது நான் மாமா."

நான் அவளுடைய முழங்காலைப் பார்த்தேன்.

"டொக்டர் கார்த்திகையிலேயே ஓம் எண்டிட்டார். முதலாம் பேஸிலை நிக்கலாம், விளையாடலாம் எண்டு. அம்மா விடமாட்டன் எண்டு அழுறா. பதிலாள் இடம் எண்டு ஒண்டு இருக்கும்வரைக்கும் நான் அதிலைதான் இருக்க வேணும் எண்டு நிக்கிறா. அது இல்லாட்டி அம்மாவும் ஒண்டும் செய்யேலாது, நான் களத்திலை நிண்டுதான் ஆகவேணும். அதுக்குத்தான் கேட்டனான். யதுவிட்டை ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினனான். உங்களிட்டை நானே சொல்லுவம் எண்டு வந்தனான்."

"நீ சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றேன். சொல்லி முடிக்க முன்னரே அது எவ்வளவு மோசமான பேச்சு என்று எனக்கே உறைத்தது.

அவள் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். என் மேல் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போன மாதிரித்தான் இருந்தது.

"எனக்குப் பதிலா அடிக்கிறதுக்கு எங்கடை வீட்டிலை எத்தினை பேர் மாமா," என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். பனி இறுகிக் கண்ணாடி போலக் கிடந்த சரிவில், நான்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற இடத்தில், அவள் விறுவிறுவென்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். இரண்டு காலும் ஒரே மாதிரி நிலத்தில் பட்டன. மனம் கூசிப் போய் நின்றேன். செய்ததை எப்படித் திருப்பி எடுப்பது, யாரிடம் போய் என்னவென்று சொல்வது, ஒன்றும் பிடிபடவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். தங்கச்சி, கையில் ஒரு கடதாசித் தட்டில் எனக்காக வாஃபிள் எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளை அப்படிப் பார்க்கிறேன்.

"நீங்கள் இல்லாட்டி என்ன நடந்திருக்கும் அண்ணை," என்றாள். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்களோடை கதைச்சுக்கொண்டு நிண்டவள். என்ன சொன்னவள்?"

நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"அவளுக்குச் சரியான சந்தோசமாம்," என்றேன்.